கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கு 2,400 டாலர் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த நவம்பரைத் தள்ளிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி விண்ணப்பத்துக்கான தனிக் கட்டுரையை மாணவரோடு உட்கார்ந்து செம்மைப்படுத்தித் தருவதாகச் சொல்லும் ஓர் இணையவழி ஆலோசனை நிறுவனத்துக்கு 2,400 டாலர் கொடுத்தோம். அவர்கள் எங்களிடம் கொடுத்தது, இன்னொரு பிள்ளைக்கும் கொடுத்திருந்த அதே கட்டுரையை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் வரும் பதில்களைப் படித்தால் வயிறு எரிகிறது. புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என்னென்ன செய்யலாம், என்னென்ன கூடாது என்பதைப் பதிவின் முடிவில் விரிவாக எழுத எண்ணம்; நடந்ததைச் சொல்லி முடித்த பிறகு எவ்வளவு பொறுமை மிஞ்சுகிறதோ, பார்க்கலாம்.

இந்தக் கட்டுரை எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் ஏழு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து 250 முதல் 650 சொற்களுக்குள் மாணவர் தன்னைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு மேல் பல கல்லூரிகள் தங்களுக்கென்று தனித்தனியாகக் குறுங்கட்டுரைகள் கேட்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கோ எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 சொற்களுக்கு மிகாமல், விடை எழுத வேண்டும். நம்மில் பெரும்பாலோர் நுழைவுத் தேர்வும் மதிப்பெண் பட்டியலுமாகக் கல்லூரிக்குப் போனவர்கள். "நீ யார்" என்று எந்தக் கல்லூரியும் நம்மைக் கேட்டதில்லை. பள்ளியில் இருக்கும் ஆலோசகரிடம் போகலாம் என்றால், ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை, நாட்டின் சராசரியோ அதைத் தாண்டித்தான் நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட நிறுவனங்கள் கடை விரிக்கின்றன.

என் மகள் கோடை விடுமுறையிலேயே தானாக ஒரு வரைவு எழுதி வைத்திருந்தாள். ஊர் நூலகத்தில் அவள் தன்னார்வலராக இருக்கிறாள்; திரும்பி வரும் புத்தகங்களைப் பிரித்து அடுக்குவது அவள் வேலை. பக்க அடையாளத்துக்காக வைத்து, எடுக்க மறந்துபோன காகிதங்களைப் பற்றியே அந்தக் கட்டுரை: மளிகைச் சீட்டு, விமான நிலைய அட்டை, ஒரு குழந்தை வரைந்த நாய், பெரிய எழுத்தில் அச்சான நாவலுக்குள் கிடந்த மருத்துவமனை முன்பதிவு அட்டை. மொழி கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது, முடிவு சரியாக அமையவில்லை. ஆனால் வாசித்தால் அவள் குரல் காதில் விழுந்தது. அந்தக் கரடுமுரடைச் சரிசெய்யத்தான் ஆள் தேடினோம். யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை.

இலவச முதல் சந்திப்பு என்று காணொளியில் ஒரு பெண்மணி வந்தார். முன்னர் ஒரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பங்களைப் படிக்கும் பணியில் இருந்ததாகச் சொன்னார். நானும் என் கணவரும் வழக்கமான விற்பனைப் பேச்சை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவரோ விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மகளின் வரைவைத் திரையில் திறந்துவைத்து நிதானமாக வாய்விட்டுப் படித்தார். மருத்துவமனை அட்டை வரும் இடத்தில் நிறுத்தி, "அந்த அட்டையை நீ என்ன செய்தாய்?" என்று கேட்டார். நாங்கள் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. காணாமற்போன பொருள்களுக்கான பெட்டியில் போட்டதாகவும், அடுத்தடுத்த வாரங்களில் போகும்போதெல்லாம் அதை யாராவது எடுத்துவிட்டார்களா என்று பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும் அவள் சொன்னாள். "இதை ஏன் எழுதவில்லை? இதுதானே உன் கட்டுரை!" என்றார் அவர். மகளின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு என்னிடம் திரும்பி, தமிழிலேயே, "அக்கா, கவலையே படாதீங்க, இவகிட்ட விஷயம் இருக்கு, நாங்க கூட இருந்தா போதும்" என்றார். 2,400 டாலர் கொடுக்கலாம் என்று நாங்கள் முடிவெடுத்த கணம் அதுதான். எங்களை நம்பவைத்தது விளம்பரமோ தள்ளுபடியோ அல்ல. என் பெண் சொன்னதை அவர் காதுகொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான்.

பணம் கட்டிய பிறகு அந்தப் பெண்மணியை நாங்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

ஆகஸ்டு கடைசியில் பதிவுக் கட்டணம் என்று 600 டாலர் கடன் அட்டையில் போயிற்று. மீதி 1,800 டாலரை ஜெல் (Zelle) என்ற, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் வசதி வழியாக அனுப்பினால் "குடும்பச் சலுகை" உண்டு என்றார்கள். சலுகை போகத்தான் மொத்தம் 2,400 டாலர். முதன்மைக் கட்டுரை, எட்டுக் குறுங்கட்டுரைகள், எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தம், எப்போதும் ஒரே வழிகாட்டி என்பதெல்லாம் மின்னஞ்சலில் எழுத்தில் இருக்கிறது. நடந்தது வேறு. வழிகாட்டி என்று ஓர் இளைஞர் வந்தார், அடுத்த மாதம் இன்னொருவர் வந்தார், ஒவ்வொருவரும் புதிதாக மகளின் விருப்பப் பாடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். செப்டம்பர் முழுவதும் கேள்வித்தாள் நிரப்புவதிலேயே போனது: உன் குடும்பத்தின் பண்பாட்டுப் பின்னணி என்ன, நீ சந்தித்த சவால் என்ன, உன்னை மாற்றிய மனிதர் யார். நூலக வரைவைப் பற்றிக் கேட்டால், "அதை மேல்நிலைக் குழு பார்க்கிறது" என்பதே பதில்.

முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கான நவம்பர் 1 கெடு கழுத்தை நெரிக்கும் நேரத்தில் "இறுதி வடிவம்" வந்தது. நூலகத்தைக் காணவில்லை. அட்டையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பாட்டி, விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பேத்தி அந்தப் புள்ளிகளில் சமச்சீரைக் காண்கிறாள், சமச்சீரிலிருந்து கணிதத்துக்கும் அங்கிருந்து கணினி அறிவியலுக்கும் போகிறாள், ஒருநாள் மழை கோலத்தை அழிக்கிறது, பாட்டி கலங்காமல் மறுநாள் மீண்டும் போடுகிறார், பேத்தி விடாமுயற்சியைக் கற்றுக்கொள்கிறாள். என் அம்மா வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருப்பவர். வாசற்கோலமெல்லாம் அவர் போட்டு நான் பார்த்ததில்லை. கட்டுரையைப் படித்துக் காட்டியதும் தொலைபேசியில் அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. மகள் சிரிக்கவில்லை. "அம்மா, இதுல நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூகுள் டாக்ஸில் ஓர் ஆவணத்தின் பழைய வடிவங்களைக் காட்டும் பதிப்பு வரலாறு என்ற வசதி உண்டு. ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தால் அங்கே அழித்ததும் சேர்த்ததும் மணிக்கணக்கில் தெரியும். எங்களுக்கு வந்த ஆவணத்தில் வெற்றுப் பக்கம் ஒன்று, அடுத்த நொடியில் 641 சொற்கள் மொத்தமாக ஒட்டப்பட்ட பக்கம் ஒன்று, அவ்வளவே இருந்தது. அதன் பிறகு நடந்த ஒரே திருத்தம், ஓரிடத்தில் "அவன்" என்று இருந்த ஆங்கிலச் சொல்லை "அவள்" என்று மாற்றியது.

அந்த "அவன்" யார் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. அந்த நிறுவனமே பெற்றோருக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தது. அதில் வேறு மாநிலத்துத் தாய் ஒருவர், வழிகாட்டிக்கு அனுப்ப வேண்டிய தன் மகனின் கட்டுரையைத் தவறிக் குழுவிலேயே போட்டுவிட்டார். சில நிமிடங்களில் அழித்தும் விட்டார், ஆனால் நான் அதற்குள் படித்துவிட்டேன். அங்கே கோலத்துக்குப் பதில் ரங்கோலி, புள்ளிகளுக்குப் பதில் வண்ணப் பொடி, கணினி அறிவியலுக்குப் பதில் கட்டடப் பொறியியல். மழை அதே மழை. பாட்டி கலங்காமல் நிற்கும் வாக்கியம் சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். அந்தத் தாயைத் தனியே அழைத்துப் பேசினேன். அவர்களும் 2,400 டாலர்தான் கட்டியிருக்கிறார்கள்.

இது பிரிட்டனில் முன்பே பெரிதாக வெடித்த விவகாரம். அங்குப் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு 2007இல் தனிக் கட்டுரைகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டாவது பிறந்தநாளில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியால் பைஜாமாவில் ஓட்டை விழுந்த கதையை 234 பேர் எழுதியிருந்தது தெரியவந்தது. இரவல் பைஜாமா அங்கே. இரவல் பாட்டி இங்கே.

எங்களை உண்மையில் நடுங்கவைத்தது பணம் போனதைவிட வேறொன்று. காமன் ஆப் விண்ணப்பத்தை அனுப்பும்போது எல்லாம் தன் சொந்தப் படைப்பு, எல்லாம் உண்மை என்று மாணவர் கையொப்பமிட வேண்டும். அது பொய்யென்று தெரிந்தால், கிடைத்த இடமே பறிபோகலாம். அடுத்தவரின் எண்ணம், மொழி, அனுபவம் இவற்றைத் தன்னுடையதாகக் காட்டுவது மோசடி என்று அதன் விதி சொல்கிறது. 2023 முதல் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் உள்ளடக்கமும் அந்த விதிக்குள் வந்துவிட்டது. ஆக, கையொப்பமும் பழியும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு, 2,400 டாலர் அவர்களுக்கு.

இனி அவர்கள் அளித்த பதில்கள். முதல் மின்னஞ்சலுக்கு, "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு தானியங்கிப் பதிலும் ஒரு பதிவு எண்ணும் வந்தன. அடுத்ததற்கு, மூத்த வழிகாட்டி விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். முதல் சந்திப்பில் பேசிய பெண்மணியோடு பேச வேண்டும் என்றதற்கு, அவர் "சேர்க்கைப் பிரிவு" என்றும், கட்டுரை அவர் பொறுப்பில் வராது என்றும் பதில் வந்தது. எந்தச் சேர்க்கை என்று எனக்கு அப்போது புரிந்தது; கல்லூரிச் சேர்க்கை அல்ல, வாடிக்கையாளர் சேர்க்கை. இரண்டு கட்டுரைகளும் ஒன்றாக இருக்கின்றனவே என்று வரிவரியாகக் காட்டிக் கேட்டபோது, தெற்காசியக் குடும்பங்களின் அனுபவங்கள் இயல்பாகவே ஒத்திருக்கும் என்று ஒருவர் எழுதினார். அந்த வரியை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். கடைசியாக, அவர்கள் தந்தவை "ஆலோசனைகள்" மட்டுமே என்றும், அவற்றை ஏற்பதும் விடுவதும் மாணவரின் பொறுப்பு என்றும், சேவை வழங்கி முடிந்துவிட்டதால் 2,400 டாலரில் ஒரு சென்ட்டும் திரும்பாது என்றும் எழுதிவிட்டு, என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

மகள் தன் நூலக வரைவையே எடுத்து, பெட்டியைத் திறந்து பார்த்த பகுதியைத் தானே சேர்த்து, நவம்பர் 1 இரவு அனுப்பினாள். அந்த ஒரு கேள்வி மட்டும் நல்ல கேள்வி என்பதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். 2,400 டாலருக்கு அதுதான் கிடைத்தது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன்; கை ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் சந்திப்பில் பேசுபவர்தான் கடைசிவரை வருவாரா என்று எழுத்தில் கேளுங்கள், அந்தப் பெயர் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் எழுந்துவிடுங்கள். ஜெல் வழியாக ஒரு டாலரும் அனுப்பாதீர்கள். நாமே அனுமதித்து அனுப்பிய பணம் என்று வங்கி கையை விரிக்கும், எங்கள் 1,800 டாலருக்கு விரித்துவிட்டது. கடன் அட்டையில் கட்டியதை மட்டும், அந்தத் தொகை வந்த முதல் அட்டைப் பில் அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் மறுக்க வழியிருக்கிறது. இடம் கிடைப்பது உறுதி என்பவரையும், எழுதித் தருகிறேன் என்பவரையும் அண்டவே விடாதீர்கள். தனியார் கல்வி ஆலோசகர்களின் சங்கமான ஐ.இ.சி.ஏ.வின் நெறிமுறை இவ்விரண்டையுமே தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்கிறது. பிள்ளையின் வரைவு பிள்ளையின் கணக்கிலேயே இருக்கட்டும், மற்றவர்கள் ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுதட்டும். ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள், அவர் பணம் கேட்கமாட்டார்.

600 டாலருக்கான மறுப்புக் கடிதம் அட்டை நிறுவனத்துக்குப் போய்விட்டது. மத்திய வர்த்தக ஆணையத்திலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதிவாகியிருக்கிறது. இதே நிறுவனம் என்று ஐயப்படுபவர்கள் உங்கள் கட்டுரையில் பாட்டி, புள்ளி, மழை மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரில் இன்னும் பெயர்கள் சேர்க்க இடமிருக்கிறது, பல கல்லூரிகளின் ஜனவரி 1 கெடுவுக்குக் கட்டுரையை மாற்ற உங்களுக்கு நேரமும் இருக்கிறது.