ஒரே விதை, இரண்டு மண்: கியூபா சுருட்டும் நிகராகுவா சுருட்டும்

பழக்கமில்லாத சுருட்டு ஒன்று கைக்கு வந்தால் நிறையப் பேர் முதலில் படிப்பது அதைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைத்தான். ஹவானா என்று இருந்தால் போதும், பற்றவைப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். நிகராகுவா சுருட்டுகளுக்கு இது பெரிய அநியாயம்.

அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கியூபா பக்கம் பார்த்தகாஸ் சீரி டி எண் 4. நிகராகுவா பக்கம் பத்ரோன் 1964 வரிசையில் வரும் எக்ஸ்க்ளூசிவோ, மேல் இலை கறுக்காத ரகம். இரண்டும் ஒரே பருமன்: 50 ரிங் கேஜ், அதாவது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். நீளம் மட்டும் 124 மில்லிமீட்டர், 140 மில்லிமீட்டர் என்று கொஞ்சம் வேறுபடும். பருமன் ஒத்துப்போகாவிட்டால் புகையின் சூடே மாறிவிடும், ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பத்ரோனை உருவாக்கிய ஹோசே ஒர்லாந்தோ பத்ரோன், கியூபாவின் புகையிலைப் பூமியான பினார் தெல் ரியோவில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி 1964இல் மயாமியில் தொழில் தொடங்கினார். 1970இல் நிகராகுவாவின் எஸ்தெலிக்குப் போனார். அங்கே விளைவதும் கியூபா விதையின் வழிவந்த புகையிலைதான். ஆக, நாம் எடைபோடுவது மண்ணையும், இலையைப் பதப்படுத்திய பொறுமையையும்.

பற்றவைக்கும் முன் விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எங்காவது கட்டி மாதிரி இருந்தால் அந்த இடத்தில் புகை அடைபடும். அப்புறம் அடிமுனையை முகர்ந்து பாருங்கள். அமோனியா நெடி மூக்கில் ஏறினால் இலை இன்னும் அடங்கவில்லை. பெட்டி புதிதாக இருக்கும் கியூபா சுருட்டில் இந்த நெடி அவ்வப்போது இருக்கும். பத்ரோன் 1964க்கு இலையைக் குறைந்தது நான்கு ஆண்டு முதிரவைத்த பிறகே சுருட்டுகிறார்கள், அதனால் வாங்கிய அன்றே தயார்.

சுவைக்கு வருவோம். பத்ரோன் நேரடியானது. கொக்கோ, வறுத்த காபிக்கொட்டை, பின்னால் கொஞ்சம் மிளகு. தொடக்கத்தில் என்ன தந்ததோ அதையே இன்னும் அடர்த்தியாகத் தந்துகொண்டு போகும். பார்த்தகாஸ் அப்படியில்லை. முதலில் மிளகும் மண்வாசனையும் முரட்டுத்தனமாக வரும். ஆனால் நடுப்பகுதியில், புகையை வாயில் வைத்திருந்து கொஞ்சம் மட்டும் மூக்கு வழியாக விட்டால், தேவதாரு மரத்தின் வாசமும் பதப்படுத்திய தோலின் வாசமும் தனித்தனியாகத் தெரியும். நல்ல கியூபா சுருட்டின் பெருமை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த மணத்தை வேறு எந்த மண்ணும் அப்படியே தந்து நான் பார்த்ததில்லை. எனவே முதல் இழுப்பை வைத்து எந்தச் சுருட்டுக்கும் மதிப்பெண் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு எரிந்த பிறகு யோசியுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும், பழி சுருட்டின் மேல் விழும்.

நம்மூர் உறையூர், திண்டுக்கல் சுருட்டுகளில் பழகியவர்கள் காரத்தை வைத்தே தரம் பார்ப்பார்கள். இங்கே அந்த அளவுகோல் உதவாது. இரண்டும் காரமானவைதான், வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும். காரம் வேறு, சுவை வேறு. டொமினிக்கன் சுருட்டுகள் பெரும்பாலும் இவற்றைவிட மென்மை, புதிதாகப் பழகுபவருக்கு அது போதும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு. இது தினப்பழக்கத்துக்கான பொருள் இல்லை.

சரி, எதை வாங்குவது? ஒரே ஒரு சுருட்டுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் தயங்காமல் நிகராகுவா. சீரான இழுப்பு, சீரான எரிதல், ஏமாற்றத்துக்கு வாய்ப்பு குறைவு. ஒரு பெட்டி வாங்கி, 65 சதவீத ஈரப்பதத்தில் ஓரிரண்டு ஆண்டு காக்க முடியும் என்றால் கியூபா. அதிலும் நம்பகமான கடையில் மட்டும் வாங்குங்கள், போலிகள் ஏராளம். கியூபாவின் புகழ்பெற்ற சுருட்டு வகையான கோஹிபாவைக் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் யாராவது நீட்டினால் விலையே கேட்க வேண்டாம். அப்படி ஒரு பெட்டி கியூபாவிலிருந்து வருவதே இல்லை.