சிங்கப்பூரில் வாடகை அறை பிடித்துத் தரும் ஏஜென்ட்: 5-க்கு 1 நட்சத்திரம்

எஸ் பாஸில் (வெளிநாட்டவருக்கான ஒரு வேலை அனுமதி) வேலை செய்யும் நானும் நண்பனும் யீஷூன், உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு காமன் ரூம் (பாத்ரூம் பொதுவாக இருக்கும் அறை) தேடி இந்த ஏஜென்சியிடம் போனோம். பெயர் போடவில்லை, ஏனென்றால் இது ஒரு கம்பெனியின் பழக்கம் மட்டும் இல்லை. பதில் உடனே வரும், போட்டோவில் இருக்கிற அறைதான் நேரிலும் இருக்கும். அந்த ஒரு நட்சத்திரம் அதற்குத்தான்.

வாட்ஸ்அப்பில் ரூம் இருக்கா என்று கேட்டதும் வரிசையாகக் கேள்வி வரும்: வயது, பாஸ், நாடு, இனம், சமைப்பீர்களா. இந்தியர் என்று அனுப்பியதும் காலையில் காலியாக இருந்த அறை மத்தியானம் போய்விடும், இல்லையென்றால் 'ஓனருக்கு இந்தியர் வேண்டாமாம், சாரி' என்று நேராகவே வரும். சம்பளம் என்ன, வாடகை ஒழுங்காகக் கட்டுவோமா, முன்பு இருந்த வீட்டில் எப்படி இருந்தோம், எதையும் கேட்கவில்லை. சமைக்கவே மாட்டோம் என்று சொன்ன இடத்திலும் மறுத்தார்கள், அப்போ இந்தியர் சமைத்தால் வீடெல்லாம் மசாலா வாசனை என்று ஓனர்கள் சொல்வதெல்லாம் வெறும் சாக்குதானே?

கடைசியில் காட்டுவது சமைக்கவே கூடாத அறை. மூன்று வேளையும் கடையில் வாங்கிச் சாப்பிட்டால் ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989-லேயே இன விகிதம் கொண்டுவந்த நாடு இது. ஆனால் அது வீடு வாங்க, விற்க. உள்ளே ஒரு அறையை யாருக்கு விடுவது என்பது ஓனர் இஷ்டம். வேலையிடத்தில் இனம் பார்ப்பதற்கு எதிராக 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது, வாடகைக்கு அப்படி ஒன்று வரவில்லை. விளம்பரத்தில் எந்த இனத்தையும் ஒதுக்கி எழுதக் கூடாது என்று ஏஜென்ட்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏ (CEA) சொல்கிறது. அதனால் விளம்பரம் சுத்தமாக இருக்கிறது, ஒதுக்குவதெல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது.

ஓனரை விட ஏஜென்ட் மேல்தான் எனக்குக் கோபம். 'அவங்க வேலை பாஸ், வேலைக் கடிதம் எல்லாம் சரியாக இருக்கு, ஒரு தடவை பார்த்துப் பேசுங்க' என்று ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்போது நாங்கள் இருக்கும் புக்கிட் பாத்தோக் வீட்டுச் சீன ஆன்ட்டி, கூட வேலை செய்பவர் சொல்லி, நேரில் பேசிப் பார்த்துத்தான் அறை கொடுத்தார். அடுப்படியும் கொடுத்தார்.

இந்த மாதிரி ஏஜென்ட்களிடம் போகிறவர்கள் முதலில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைச் சிஇஏ தளத்தில் பாருங்கள். வீவக வாடகையில் டெபாசிட்டை ஏஜென்ட் கையில் வாங்கக் கூடாது, நேராக ஓனருக்கே அனுப்புங்கள். இனத்தைச் சொல்லி மறுத்த மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு சிஇஏவில் புகார் கொடுங்கள், நாங்கள் கொடுத்திருக்கிறோம்.