அறிவுரையில்லாமல் தொடங்கிய ஆலோசனை

குடியை முற்றிலும் நிறுத்துவதா, குறைத்துக்கொள்வதா என்று எனக்கே தெளிவில்லாத நிலையில்தான் இந்த ஆலோசனைச் சேவையை நாடினேன். முதல் அமர்வில் அறிவுரை எதுவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய, 10 கேள்விகள் கொண்ட வினாத்தாளை நிரப்பச் சொன்னார்கள். மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8-ஐ எட்டினாலே கவனிக்க வேண்டிய நிலை என்று விளக்கிய ஆலோசகர், என் மதிப்பெண்ணைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. அந்த மரியாதைக்காகவே அடுத்த வாரமும் சென்றேன்.

நான் மிகவும் மதிப்பது அவர்களுடைய எச்சரிக்கை உணர்வை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம் மட்டுமன்றி வலிப்பும் மனக்குழப்பமும், சில வேளைகளில் உயிராபத்தும்கூட நேரலாம் என்பதால், மருத்துவர் என்னைப் பரிசோதித்த பிறகே நிறுத்துவதற்கு நாள் குறித்தார்கள். வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகள் உண்டு என்பதையும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணி உட்கொள்பவர்களுக்கு அது ஆகாது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். எப்போது, எந்த மனநிலையில் குடித்தேன் என்று நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேடு, தனிமையான மாலைப் பொழுதுகளே என் சிக்கல் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

ஒரு குறை எனக்கு உண்மையாகவே வலித்தது: குடும்பத்தினருக்கென்று தனி அமர்வு இல்லை. வெளியே காத்திருந்த என் மனைவி பட்ட துன்பத்தைக் கேட்க அங்கு எவரும் இல்லை.

ஏழாவது வாரம் மீண்டும் குடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டபோது, அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளாமல் அடுத்த சந்திப்பை இரண்டு நாள் முன்னதாக மாற்றித் தந்தார்கள்.