குக்கிகளை அழிப்பதா, தடுப்பதா, பிரித்துவைப்பதா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் குக்கிகளை, அதாவது இணையதளங்கள் நம் பிரவுசரில் எழுதிவைக்கும் சிறு குறிப்புகளை, எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். தினமும் அழித்துவிடு என்பார் ஒருவர். பிரவுசரில் தடம் விடாத தனி விண்டோவான இன்காக்னிட்டோவில் திற என்பார் இன்னொருவர். இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் போடு என்பாரும் உண்டு. யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்காமல் இவற்றில் எது மேல் என்று சொல்ல முடியாது. அதே கம்ப்யூட்டரில் அடுத்து உட்காரப்போகிறவரிடமிருந்தா, தளம் தளமாகப் பின்தொடரும் விளம்பர நிறுவனங்களிடமிருந்தா?

குக்கி தன்னளவில் கெட்டதல்ல. ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் சர்வருக்கு நாம் புது ஆள்தான். முந்தைய பக்கத்தில் வந்தவரும் இவரேதான் என்று நினைவில் வைக்க, 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை செய்த லூ மான்டுல்லி கண்டுபிடித்த ஏற்பாடு இது. லாகின் நிலைப்பதும், ஆன்லைன் கடையில் எடுத்துவைத்த பொருள் காணாமல் போகாமலிருப்பதும் இதனால்தான். சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கியில் தொடங்குகிறது. நீங்கள் படிப்பது ஒரு செய்தித் தளம். அதிலிருக்கும் விளம்பரம் வேறொரு சர்வரிலிருந்து வருகிறது. அந்தச் சர்வர் தன் பங்குக்கு ஒரு குக்கி வைக்கிறது. அடுத்து நீங்கள் போகும் மருத்துவத் தளத்திலும் அதே விளம்பர சர்வர் இருந்தால், ‘அட, அதே ஆள்’ என்று அதற்குத் தெரிந்துவிடும்.

எல்லாக் குக்கிகளையும் தடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. மெயிலுக்குள்ளேயே நுழைய முடியாது. அதை விட்டுவிடுவோம்.

அடிக்கடி அழிப்பது பலருக்கும் பிடித்த வழி. அழித்ததும் எல்லாம் துடைத்த மாதிரி ஒரு திருப்தி வருமே, அதனாலிருக்கலாம். ஆனால் அழிக்கும்வரை பின்தொடர்தல் நடந்துகொண்டேதான் இருக்கும். அழித்தபின் மறுபடி லாகின் செய்த நொடியில், அந்த நிறுவனத்துக்கு நீங்கள் பழைய ஆள்தான். போதாததற்கு, குக்கி இல்லாமலேயே பிரவுசரை அடையாளம் காண முடியும். திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். 2010-இல் இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் தெரிந்தன. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ‘குக்கி வேண்டாம்’ என்று நீங்கள் சொன்ன பதிலையும் பெரும்பாலும் ஒரு குக்கியில்தான் எழுதிவைக்கிறார்கள். அதையும் சேர்த்து அழித்துவிடுவதால், அதே கேள்விப்பெட்டி மறுநாளும் வந்து நிற்கும்.

இன்காக்னிட்டோ வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும். திறந்திருக்கும் இன்காக்னிட்டோ விண்டோக்கள் எல்லாவற்றையும் மூடியதும் குக்கிகளும் ஹிஸ்டரியும் போய்விடும். டவுன்லோடு செய்த கோப்பு மட்டும் அப்படியே கிடக்கும், அதை மறந்துவிடாதீர்கள். வெளியாட்கள் விஷயத்தில் இதன் மீது பலரும் வைத்திருக்கும் நம்பிக்கை மிகை. இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும். இன்காக்னிட்டோவிலும் கண்காணித்தது என்று கூகுள் மீது 2020-இல் தொடரப்பட்ட வழக்கு, 2024-இல் பழைய பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் சம்மதித்த சமரசத்தில் முடிந்தது. இன்னொன்று: குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் திறந்திருக்கும் பிரைவேட் விண்டோக்கள் எல்லாம் ஒரே குக்கி இருப்பைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் லாகின் செய்தால் மற்றதிலும் செய்ததாகவே ஆகும்.

விளம்பர நிறுவனங்கள்தான் கவலை என்றால், உண்மையான போட்டி மூன்றாம் தரப்புக் குக்கிகளை யார் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில்தான். சஃபாரி 2020-இல் அவற்றை முழுக்கத் தடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2019-இல் தெரிந்த பின்தொடரிகளை மட்டும் தடுக்கத் தொடங்கி, 2022-இல் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு தளத்துக்கும் தனி டப்பா. விளம்பர சர்வர் குக்கி வைக்கலாம், ஆனால் ஒரு டப்பாவில் போட்டதை இன்னொன்றில் எடுக்க முடியாது. குரோமும் 2020-இல் இவற்றை இரண்டே ஆண்டுகளில் ஒழிப்பதாக அறிவித்தது. பலமுறை தள்ளிப்போட்டு, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் வேறென்ன செய்யும்! ஆனாலும் குரோமின் செட்டிங்ஸில் நாமே தடுத்துக்கொள்ளலாம்.

முழுத் தடையைவிடத் தனி டப்பா முறைக்கே என் ஓட்டு. ஒரு தளத்துக்குள் பொதிந்திருக்கும் வீடியோவோ கருத்துப் பெட்டியோ முழுத் தடையில் சில நேரம் முரண்டு பிடிக்கும். தனி டப்பாவில் அந்தத் தொல்லை குறைவு. தொல்லை குறைந்தால்தான் வீட்டிலிருப்பவர்கள் அதை அணைக்காமல் விட்டுவைப்பார்கள்.

இதோடு யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரில் சேர்க்கும் துணை நிரலை, சேர்த்தால் பலம் கூடும். அதன் பட்டியலிலுள்ள விளம்பர சர்வரிடம் பிரவுசர் போய்ப் பேசுவதையே அது நிறுத்திவிடுவதால், அங்கே குக்கி என்ற பேச்சே எழாது. அதன் முழு வடிவம் ஃபயர்பாக்ஸில் ஓடுகிறது. குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிய பிறகு அங்கே லைட் வடிவம்தான். அதற்காக எக்ஸ்டென்ஷன்களாக அடுக்காதீர்கள். நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதி பலவற்றுக்கும் உண்டு. விபிஎன் இந்தப் பந்தயத்திலேயே இல்லை. அது மறைப்பது உங்கள் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை. குக்கி அதன் வழியாகவும் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

சரி, வீட்டுக்குள் பிரிப்பது எப்படி? குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் வைத்தால் குக்கிகள் கலக்காது. ஆனால் அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது, யாரும் ஒரே கிளிக்கில் திறந்துவிடலாம். அந்தரங்கம் வேண்டுமென்றால் விண்டோஸிலோ மேக்கிலோ ஆளுக்கொரு பயனர் கணக்கும் அதற்கொரு பாஸ்வேர்டும் வையுங்கள். ஒருவரே இரண்டு மெயில்களைப் பக்கத்துப் பக்கத்து டேபில் திறக்க, டேப்களின் குக்கிகளைத் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் ஃபயர்பாக்ஸின் கன்டெய்னர்கள் அருமையான வசதி.

அழிக்கும் கட்சி ஜெயிக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. திருட்டு சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் சில மால்வேர்கள் பிரவுசரிலிருந்து லாகின் குக்கிகளை நகலெடுத்து அனுப்பிவிடும். அது கைக்குக் கிடைத்தவர் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே கணக்குக்குள் போய்விடலாம். மேலே சொன்ன தடைகள் எதுவும் இங்கே உதவாது. அதனால் வங்கித் தளத்தில் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள், டேபை மூடினால் மட்டும் போதாது. ஒழுங்காகக் கட்டிய தளம் என்றால் லாக் அவுட் செய்ததும் சர்வர் தன் பக்கத்திலும் அந்த லாகினை ரத்து செய்துவிடும். அதற்குப் பிறகு யாரிடம் அந்தக் குக்கி இருந்தாலும் செல்லாது.