இடுப்பில் தொங்கும் ஒரு கொக்கி

வண்ணார்பேட்டையில் பயணப் பைகள் விற்கும் ஒரு கடையில் 140 ரூபாய்க்கு வாங்கிய அலுமினியக் காராபைனர், அதாவது மலையேறுவோர் கயிறு மாட்டும் வளையக் கொக்கியின் சிறு வடிவம், இப்போது என் ஸ்கூட்டர் சாவியையும் வீட்டுச் சாவியையும் சுமந்துகொண்டு ஜீன்ஸின் இடுப்பில் தொங்குகிறது. மேலை நாடுகளில் தன்பாலீர்ப்புப் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண உதவும் குறிப்புகளில் இதுவும் ஒன்று. உடலுழைப்பு வேலை செய்த பெண்கள் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிய வழக்கத்தோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள்.

பாளையங்கோட்டையில் இதை யாரும் கவனிப்பதில்லை என்பதே இதன் முதல் நிறை. ஆச்சி மட்டும் கையில் வாங்கிப் பார்த்து, "ஏட்டி, இது கிணத்து வாளிக் கொக்கியா?" என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பொருளின் தரம் சுமார்தான். உள்நோக்கி மடங்கும் கம்பியின் ஸ்பிரிங் மூன்றாவது வாரத்திலேயே தளர்ந்து, சாவி ஒருமுறை பேருந்திலேயே நழுவி விழுந்தது. கறுப்புப் பூச்சும் வளைவில் உரிந்துவிட்டது, கடையில் மாற்றித் தரவில்லை. உரிந்த இடத்தில் ஆரஞ்சு, வெள்ளை, இளஞ்சிவப்பு எம்ப்ராய்டரி நூலைச் சுற்றினேன். 2018-இல் உருவான தன்பாலீர்ப்புப் பெண்களின் கொடி நிறங்கள் அவை. (கட்டைவிரல் மோதிரமும் இத்தகைய குறிப்புதான், ஆனால் இங்கே அதை அழகுக்காகவே பலர் அணிவதால் அது எதையும் சொல்வதில்லை.)

அடுத்த முறை இருமடங்கு விலையானாலும் எஃகுக் கொக்கியே வாங்குவேன், நூலை மட்டும் மாற்றமாட்டேன். போன வாரம் தையல் கடையில் வரிசையில் நின்ற ஒரு பெண் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "கலர் நல்லா எடுத்திருக்கீங்க அக்கா" என்றார்.