ஆர்ஏவி4 ஹைப்ரிட்டும் 911 டர்போ எஸ்ஸும்: ஓர் ஒப்பீடு

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் குடும்பக் காரான டொயோட்டா ஆர்ஏவி4 ஹைப்ரிட்டின் நான்கு சக்கர இயக்க வகையையும், 2020இல் வெளிவந்த போர்ஷே 911 டர்போ எஸ் ஸ்போர்ட்ஸ் காரையும் ஒப்பிடும்போது, ஒரு காரிடம் நமக்கு உண்மையில் என்ன தேவை என்ற கேள்விக்கு விடை தெளிவாகிறது.

போர்ஷேயின் பின்புறத்தில் அமைந்த 3.8 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் 650 குதிரைத்திறனைத் தருவதால், கார் 2.7 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டிவிடுகிறது, ஆர்ஏவி4க்கு எட்டு விநாடிக்குச் சற்று மேல் பிடிக்கிறது. ஆனால் என்னை வியக்க வைப்பது வளைவுகளில் போர்ஷே காட்டும் பிடிப்புதான். பின்சக்கரங்களும் சிறிதளவு திரும்புவதால் முன்பகுதி தயங்காமல் வளைவுக்குள் நுழைகிறது. எஞ்சினின் எடை பின் டயர்களை அழுத்துவதால், வளைவிலிருந்து வெளிவரும்போது ஆக்சிலரேட்டரை நம்பி மிதிக்க முடிகிறது. இந்த இன்பத்தை எந்தக் குடும்பக் காரும் தராது.

எனினும் போர்ஷேயின் பின்னிருக்கையில் பெரியவர்கள் உட்காரவே முடியாது. முன் மூடிக்கு அடியிலுள்ள சாமான் இடத்தில் இரண்டு சிறு பைகளுக்கு மேல் அடங்குவது கடினம்.

ஆர்ஏவி4இல் 580 லிட்டர் சாமான் இடம் உள்ளது. இருக்கைகள் உயரமாக இருப்பதால், முதுகை அதிகம் வளைக்காமல் குழந்தையை அமர்த்திப் பெல்ட்டைப் பூட்டலாம். நெரிசலில் மின்மோட்டாரிலேயே அமைதியாக ஊர்ந்து எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் எஞ்சின் இரைவது மட்டுமே எனக்குப் பெருங்குறை. ஒரே ஒரு கார் வாங்கும் குடும்பத்துக்குத் தயக்கமின்றி இதையே பரிந்துரைப்பேன்.