மார்செய்: லெ பனியேவா, நோவாயா?

பிரான்ஸின் மார்செய் துறைமுக நகரில் அரை நாள் மட்டுமே தங்குவோர், பழைய துறைமுகத்தின் வடகரை மேட்டிலுள்ள லெ பனியேவுக்குச் செல்வதா, கிழக்கே சற்றுத் தள்ளியுள்ள நோவாய்க்குச் செல்வதா என்று தயங்குவதுண்டு. கி.மு. 600 வாக்கில் கிரேக்கர் குடியேறிய பகுதி பனியே. 1943இல் ஜெர்மானியப் படையினர் மேட்டின் அடிவாரக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தபின் எஞ்சிய சந்துகளும், 1671இல் கட்டத் தொடங்கிய வியேய் ஷாரித்தே என்னும் ஏழையர் விடுதியின் மூன்றடுக்கு வளைவுகளும் நிதானமாகப் பார்க்கத்தக்கவை. எனினும், அங்கே இன்று நினைவுப்பொருள் கடைகளே மிகுதி.

என் தேர்வு நோவாய்தான். அதன் கப்புசின் சந்தையில் ஈரம் சொட்டும் புதினாக் கட்டுகளுக்கும் உப்புநீரில் ஊறும் ஆலிவ் காய்களுக்கும் நடுவே, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கொமோரோ தீவுகளிலிருந்தும் வந்த குடும்பங்களின் அன்றாடப் பேச்சு கேட்கும். 2018 நவம்பர் 5 அன்று ஒபாஞ் தெருவில் பாழடைந்த வீடுகள் இடிந்து எட்டுப் பேர் உயிரிழந்தது இங்கேதான் என்பதால், அத்தெருவில் மெதுவாக நடந்து செல்லுங்கள்.